நான்-லீக் மைதானத்தில் நாம் போய் நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்காகத் தென் லண்டனின் குரொய்டனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பிரீமியர் லீக் கால்பந்து டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை, கட்டுப்படியானாலும் கிடைப்பதில்லை. ஆபீஸ் நண்பர் "நான்-லீக் பக்கம் போய்ப் பார்" என்கிறார். ஆட்டத்தின் தரம் எப்படி இருக்கும், எந்த மைதானத்தில் தொடங்கலாம், ஏழு வயது மகனைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில், "அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருப்பார்களே, நாம் போய் நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ?" என்று ஒரு வரி. உங்கள் உண்மையான கேள்வி அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மற்றதையெல்லாம் கூகுளே சொல்லிவிடும்.

நான் தென் லண்டனில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஏறக்குறைய அத்தனை வருடமும் சனிக்கிழமை மதியம் ஏதாவது ஒரு சின்ன மைதானத்தின் கம்பியில் சாய்ந்து நின்றிருக்கிறேன். கடந்த ஆறு வருடமாக ஒன்பதாவது அடுக்கில் ஆடும் ஒரு கிளப்பில் சம்பளமில்லாத உதவியாள்; வாசலில் காசு வாங்குவது, ஆளை எண்ணுவது என் வேலை. ஆனால் நான் பார்த்ததில் பெரும்பகுதி லண்டன், கென்ட், சர்ரே, சசெக்ஸ். வடக்கே சில பயணங்கள் மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் அமைப்பு வேறு, பெண்கள் ஆட்டங்கள் நான் குறைவாகப் பார்த்தவை. அவற்றுக்கு என் பேச்சை நம்பிப் போகாதீர்கள்.

"நான்-லீக்" என்ற பெயரே புதியவர்களைக் குழப்பும். இந்தக் கிளப்புகள் எல்லாமே ஏதோ ஒரு லீகில்தான் ஆடுகின்றன. இங்கே "லீக்" என்றால் 1888ல் தொடங்கிய ஃபுட்பால் லீக். இன்றைய கணக்கில் பிரீமியர் லீகின் 20 கிளப், அதற்குக் கீழே மூன்று டிவிஷனில் 72, ஆக 92. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் நான்-லீக். ஐந்தாவது அடுக்கான நேஷனல் லீகில் 24 கிளப்புகள், நாடு முழுவதும் பயணம் செய்து ஆடுகின்றன. ஆறாவது அடுக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிகிறது. ஏழாவது நான்காக, எட்டாவது எட்டாக. கீழே போகப் போக வட்டாரம் சுருங்கும். ஒன்பதாவது அடுக்கில் எதிரணி பக்கத்து ஊர், சில சமயம் பக்கத்துத் தெரு. ஆட்டக்காரர்களும் அப்படித்தான் மாறுவார்கள். ஐந்தாவது அடுக்கில் பெரும்பாலும் முழுநேரத் தொழில்முறையினர். ஏழு எட்டு என்று இறங்கினால் எலக்ட்ரீஷியன், பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர், டெலிவரி வேன் ஓட்டுபவர்.

ஒரு காலத்தில் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. லீகின் கடைசியில் முடித்த கிளப்புகளை மற்ற கிளப்புகள் ஓட்டுப் போட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளும். தங்களில் ஒருவரை வெளியே தள்ள யாருக்கு மனம் வரும்? 1987ல்தான் ஸ்கார்பரோ முதன்முதலாக, ஓட்டு எதுவும் இல்லாமல், சாம்பியன் என்ற உரிமையில் உள்ளே போனது. இப்போது வருடத்துக்கு இரண்டு கிளப் மேலே போகின்றன. அந்தக் கதவு திறந்ததால்தான் சில கதைகள் நடந்தன. 2002ல் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் கோபத்தில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கிளப் ஆரம்பித்து, விம்பிள்டன் காமன் திடலில் வந்தவர்களை ஆடவிட்டு ஆள் பொறுக்கி, கீழ் அடுக்கான கம்பைண்ட் கவுண்டீஸ் லீகில் இறங்கினார்கள். ஒன்பதே சீசனில், 2011ல், ஃபுட்பால் லீகுக்குள் வந்துவிட்டார்கள். தனி ஆளுக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜேமி வார்டி. ஷெஃபீல்டுக்கு அருகே ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஆடிக்கொண்டிருந்தவர், 2012ல் லெஸ்டருக்கு, 2016ல் பிரீமியர் லீக் சாம்பியன். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு இப்போது அவர் பெயர்.

சரி, தரம். இதில் பொய் சொல்லிப் பயனில்லை. டிவியில் பார்க்கும் ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் முதல் இருபது நிமிடம் ஏமாற்றமாக இருக்கும். பந்து காலில் ஒட்டாது. மூன்று பாஸ் சேர்ந்தால் நான்காவது வெளியே போகும். காற்றடிக்கிற நாளில் ஒன்பதாவது, பத்தாவது அடுக்கு ஆட்டம் தலைக்கு மேலேயே நடக்கும். ஏழு, எட்டாவது அடுக்குகள் நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருக்கும். பெரிய கிளப்புகளின் அகாடமியில் பத்து வருடம் வளர்ந்து, பதினெட்டு வயதில் "போய் வா" என்று அனுப்பப்பட்ட பையன்கள் அங்கே நிறைய. அவர்கள் காலில் பழைய பாடம் இன்னும் இருக்கும். செயற்கைப் புல் மைதானம் உள்ள கிளப் என்றால் தரையோடு பாஸ் ஆடுவதைப் பார்க்கலாம். அதில் ஒரு வேடிக்கை உண்டு: ஃபுட்பால் லீகில் செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை. 2021ல் சட்டன் யுனைடெட் ஏறியபோது, செலவு செய்து போட்ட செயற்கைத் தரையைப் பெயர்த்துவிட்டு மறுபடி நிஜப் புல் போட வேண்டியதாயிற்று.

தரத்தைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய ஸ்டேடியத்தில் ஆட்டத்தைப் பார்க்கத்தான் முடியும். இங்கே காதால் கேட்கலாம். கோடு போட்ட இடத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பி ஒன்று, ஓரிரண்டு மீட்டர். கோல்கீப்பர் தொண்ணூறு நிமிடமும் வாய் மூட மாட்டார். பின்னால் ஆள் வருகிறான் என்றால் "மேன் ஆன்!", அவசரமில்லை என்றால் "டைம்!", கார்னரை வெளியே தள்ளியதும் "அவுட், அவுட்!" என்று பின்வரிசை முழுவதையும் முன்னால் விரட்டுவார். நான் பதினைந்து வருடம் டிவியில் கால்பந்து பார்த்தும் பின்வரிசை ஒன்றாக முன்னேறி எதிராளியைச் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறியை எப்படி வைக்கிறார்கள் என்று புரிந்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, கோலுக்குப் பக்கத்தில் நின்று, நடுத்தர வயது சென்டர்-ஹாஃப் ஒருவர் தன் பக்கத்துப் பையனைத் திட்டித் திட்டி நகர்த்தியதைக் கேட்டபோதுதான் புரிந்தது. அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது. மகனைக் கூட்டி வருவதென்றால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; புது வார்த்தைகளோடுதான் வீட்டுக்குத் திரும்புவான்.

நின்று பார்க்க முடிகிறதே, அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கூட்ட நெரிசலில் ரசிகர்கள் இறந்த 1989 ஹில்ஸ்பரோ துயரத்துக்குப் பிறகு வந்த டெய்லர் அறிக்கையின் விளைவாக மேல் இரண்டு டிவிஷன் மைதானங்கள் முழுவதும் இருக்கைகளாக மாறின. கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. அதனால் பழைய படிக்கட்டு டெரஸ்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் ரசிகர்களைப் பிரித்து வைப்பதும் இல்லை. முதல் பாதியில் எதிரணி கோலுக்குப் பின்னால் நின்று பாடும் கூட்டம், இடைவேளையில் அப்படியே மைதானத்தைச் சுற்றி நடந்து மறுபக்கக் கோலுக்குப் பின்னால் போய் நிற்கும். இரண்டு கூட்டமும் பாதி வழியில் தேநீர்க் கடை முன்னால் சந்தித்துக் கேலி செய்துகொள்ளும். எனக்கு இந்த நடைதான் நான்-லீக். மதுவிலும் வித்தியாசம் உண்டு. 1985ல் வந்த ஒரு சட்டத்தால் மேல் அடுக்குகளில் மைதானம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குடிக்கக் கூடாது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் கோப்பையோடு கம்பியில் சாய்ந்து நிற்கலாம். குடிக்காதவருக்கும் இது சம்பந்தமுள்ள விஷயம், ஏனென்றால் சின்னக் கிளப்புகளின் உயிர் அந்த பாரில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அந்த அடைப்புக்குறி. நான் முதன்முதலில் போனபோது தை மாதக் குளிர். யாரையும் தெரியாது. டர்ன்ஸ்டைலில் இருந்தவர் காசை வாங்கிக்கொண்டு "தொலைந்துவிட்டாயா, மகனே?" என்றார். கிண்டலா அக்கறையா என்று தெரியாமல் ஒரு மூலையில் போய் நின்றேன். இரண்டாம் பாதியில் ஒலிபெருக்கியில், "இன்றைய வருகை எழுபத்து மூன்று" என்றார்கள். சும்மா சுற்றிப் பார்த்து எண்ணினேன், அந்த மூன்றில் ஒன்று நான்தான் என்று தோன்றியது. அறுபதாயிரம் பேர் உள்ள ஸ்டேடியத்தில் அப்படித் தோன்றவே தோன்றாது. அடுத்த முறை போனபோது யாரும் பேசவில்லை. மூன்றாவது முறை ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். நான்காவது முறை அவரே வந்து, "போன செவ்வாய் உன்னைக் காணோமே?" என்றார். ஆங்கிலேயர் ஒருவர் "ஏன் வரவில்லை" என்று கேட்டால், நம் ஊர்க் கணக்கில் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டதற்குச் சமம்.

அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒரு ஜனவரியில் தொண்டை கட்டியிருந்ததால் பிளாஸ்கில் ரசம் எடுத்துப் போயிருந்தேன். மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு "ஓ, மல்லிகடானி!" என்றார். அவர்கள் வீட்டில் டின்னில் வாங்கும் சூப்பின் பெயர் அது. அந்தப் பெயரே மிளகுத் தண்ணீர்தான், எங்கள் ஊரிலிருந்து உங்கள் தாத்தாக்கள் கொண்டுவந்தது என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் அகராதியில் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டார்.

இனவெறி இல்லவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். எனக்கு நேராகப் பதினெட்டு வருடத்தில் இரண்டு முறை. இரண்டும் வெளியூர் கூட்டத்தோடு வந்த ஆட்கள், ஒருமுறை அவர்கள் பக்கத்து ஆட்களே அவரை வெளியே கூட்டிப் போனார்கள், இன்னொரு முறை யாரும் எதுவும் செய்யவில்லை. பொதுவில் எல்லோருக்கும் தெரிந்த சம்பவமும் உண்டு. 2019 அக்டோபரில் வடக்கு லண்டனின் கோல்ஸ் பார்க் மைதானத்தில் பெரிய கிளப்புகளும் சின்னக் கிளப்புகளும் சேர்ந்து ஆடும் எஃப்ஏ கோப்பையின் தகுதிச் சுற்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தங்கள் ஆட்டக்காரர்கள் மீது இன வசை வந்ததால் ஹாரிங்கே பரோ அணி அப்படியே மைதானத்தை விட்டு வெளியேறியது. எதிரணியான யோவில் ஆட்டக்காரர்களும் அவர்களோடு சேர்ந்து வெளியே போனார்கள். பிறகு ஆட்டத்தைத் திரும்ப ஆடினார்கள். அதனால் உங்கள் தயக்கம் கற்பனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுபது பேர் கூட்டத்தில் அப்படிப் பேசுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஒளிய இடம் கிடையாது. ஏதாவது நடந்தால் வாசலில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், தயங்காதீர்கள். நடுவருக்குத் தகவல் போகும், அறிக்கை எழுதுவார்கள். கிக் இட் அவுட் என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்புக்கும் தனியாகப் புகார் அனுப்பலாம்.

அதே கோல்ஸ் பார்க்கைப் பற்றி நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. 2018 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் கோனிஃபா உலகக் கோப்பை லண்டனில் நடந்தது. ஃபிஃபாவில் இடமில்லாத நாடுகள், மக்கள் கூட்டங்கள் ஆடும் போட்டி அது. ஆட்டங்கள் நடந்ததெல்லாம் இந்த மாதிரி நான்-லீக் மைதானங்களில்தான்: கோல்ஸ் பார்க், சட்டன், கார்ஷால்டன், ப்ரொம்லி, என்ஃபீல்டு. பதினாறு அணிகளில் தமிழீழ அணியும் ஒன்று. பஞ்சாப் அணியும் வந்திருந்தது. நம்முடையவர்களின் ஸ்கோர்களைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் வழக்கமாகத் தேநீரும் பர்கரும் மட்டும் மணக்கும் அந்த டெரஸ்களில் அந்த வாரம் தமிழ்ச் சத்தம் கேட்டது. இறுதி ஆட்டம் என்ஃபீல்டு டவுனின் குயின் எலிசபெத் மைதானத்தில் நடந்து பெனால்டியில் முடிந்தது. அந்த என்ஃபீல்டு டவுனும் பார்க்க வேண்டிய கிளப். பழைய கிளப் போன போக்கு பிடிக்காமல் ரசிகர்கள் 2001ல் பிரிந்து வந்து தாங்களே சொந்தமாக நடத்துவது.

எங்கே தொடங்குவது? நீங்கள் குரொய்டனில் இருப்பதால் என் முதல் யோசனை டல்விச் ஹாம்லெட்தான், ஒரு தயக்கத்தோடு. ஈஸ்ட் டல்விச் ஸ்டேஷனில் இறங்கினால் சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால் சாம்பியன் ஹில் மைதானம். இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த சட்டை. புதியவர்கள், குழந்தைகள், எல்லா நிறத்தவரும் வரும் இடம், யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார்கள். அங்கே இன்றும் பாட்டில் வரும் எட்கர் கெய்ல், நான்-லீக் கிளப்பில் ஆடிக்கொண்டே 1929ல் இங்கிலாந்துக்கு மூன்று முறை ஆடியவர். என் தயக்கம் என்னவென்றால், கூட்டம் ஆயிரக்கணக்கில் வரும், தேநீருக்கு நிற்கும் வரிசையில் இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடம் போய்விடும். நான் மேலே சொன்ன "எழுபத்து மூன்றில் ஒன்று" அங்கே கிடைக்காது. ஒருமுறை போய்ப் பயம் தெளிந்த பிறகு வேறு இடம் பாருங்கள்.

இன்னும் பக்கத்தில் உங்களுக்கு ஏஎஃப்சி குரொய்டன் அத்லெடிக் இருக்கிறது, தார்ன்டன் ஹீத்தில். 2023ல் அதை வாங்கியவர்களில் ராப் பாடகர் ஸ்டோர்ம்ஸியும் முன்னாள் கிரிஸ்டல் பேலஸ் வீரர் வில்ஃபிரெட் ஸஹாவும் உண்டு. இரண்டு பேருமே அந்த வட்டாரத்துப் பையன்கள். கார்ஷால்டன் மைதானம் பழைய பாணி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். சட்டன் கொஞ்சம் பெரியது. 1989ல் அங்கேதான் நான்-லீக் சட்டன், அப்போதைய மேல் அடுக்கான முதல் டிவிஷனில் இருந்த கவென்ட்ரியை எஃப்ஏ கோப்பையில் 2-1 என்று வீழ்த்தியது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் கவென்ட்ரி அந்தக் கோப்பையையே வென்றிருந்தது. ஒரு எச்சரிக்கை: ஓட்டப்பந்தயத் தடம் சுற்றி இருக்கும் மைதானங்களை முதல் ஆட்டத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். பந்து எங்கோ தூரத்தில் இருக்கும், நான் சொன்ன சத்தம் எதுவும் காதில் விழாது. என்ஃபீல்டிலும் தடம் உண்டு, அதை மற்ற காரணங்களுக்காக மன்னிக்கிறேன்.

பிறகு ஒரு நாள் வெயில் இருக்கும்போது சசெக்ஸில் உள்ள லூயிஸ் போங்கள். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் "ட்ரிப்பிங் பேன்" என்ற மைதானம், தட்டுபோலப் பள்ளத்தில் இருக்கும், சுற்றிலும் புல் மேடு. பழைய மடத்துத் துறவிகள் உப்புக் காய்ச்சிய இடம் என்று ஊரில் சொல்கிறார்கள். அதை நான் கதையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். உறுதியான செய்தி, 2017ல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே சம்பளம் என்று முடிவெடுத்த கிளப் அது. வடக்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஷெஃபீல்டின் சாண்டிகேட். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸில் இருக்கிறது. 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமும், 1857ல் தொடங்கிய ஷெஃபீல்டு கிளப்பும் அங்கே ஆடின. இரண்டு கிளப்பும் இன்றும் நான்-லீகில் ஆடுகின்றன. நான் போனது ஒரே ஒரு முறை. வரலாறெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது, முதலில் கண்ணில் பட்டது மைதானத்தின் சரிவு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பந்து தானாகவே உருளும் போல இருந்தது.

போகும் இடத்திலெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு தனியாக நிற்கும் ஆட்களைப் பார்ப்பீர்கள். "கிரவுண்ட்ஹாப்பர்" என்பார்கள். மைதானம் மைதானமாகப் போய்ப் பட்டியலில் டிக் அடிப்பவர்கள். 92 லீக் மைதானங்களையும் முடித்துவிட்டுக் கீழே இறங்கியவர்கள் நிறைய. அவர்களுக்குள் சட்டதிட்டங்கள் உண்டு: முழு ஆட்டமும் பார்த்தால்தான் கணக்கு என்பவர், 0-0 முடிந்தால் கணக்கில்லை என்பவர், அச்சடித்த ப்ரோகிராம் கிடைக்காவிட்டால் முகம் வாடுபவர். இப்போது ஃபுட்பாலஜி என்ற செயலியில் குறித்துக்கொள்கிறார்கள். நானும் சில வருடம் அந்தப் பைத்தியத்தில் இருந்தேன். நூற்று நாற்பது மைதானம் ஆனபோது ஒன்று உறைத்தது: எந்தக் கிளப்பிலும் யாருக்கும் என்னைத் தெரியாது. அதனால் பட்டியலோடு ஆரம்பிக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம், தொடர்ந்து மூன்று முறை. பிறகு எங்கே வேண்டுமானாலும் சுற்றுங்கள். ஹாப்பர் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

நடைமுறை விஷயங்களுக்கு வருவோம். ஆகஸ்ட் முதல் ஏப்ரல் கடைசி வரை சீசன். சனிக்கிழமை மூன்று மணி, வாரநாளில் பெரும்பாலும் செவ்வாய் இரவு ஏழே முக்கால். சனிக்கிழமை அந்த நேரத்தில் இந்த நாட்டு டிவியில் நேரடிக் கால்பந்து காட்டக் கூடாது என்று 1960களிலிருந்தே ஏற்பாடு. இந்த மாதிரி சின்னக் கிளப்புகளின் கூட்டத்தைக் காப்பாற்றத்தான். கட்டணம் என் அனுபவத்தில் ஒன்பதாவது அடுக்கில் எட்டு, பத்து பவுண்டு, ஏழாவதில் பன்னிரண்டு முதல் பதினைந்து, ஐந்தாவதில் இருபதைத் தாண்டும். முன்பதிவு வேண்டியதில்லை. கார்டு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் ராஃபிள் சீட்டுக்குச் சில்லறை வைத்திருங்கள். பெரிய கிளப்புகள் நாட்டு அணிகளுக்காக ஓய்வெடுக்கும் ஒரு சனிக்கிழமையில் 2010லிருந்து "நான்-லீக் டே" கொண்டாடுகிறார்கள். முதல்முறை வருபவர்கள் கூட்டமாக வரும் நாள் என்பதால் உங்களுக்குக் கூச்சம் குறைவாக இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆகஸ்டில் நடக்கும் எஃப்ஏ கோப்பை ஆரம்பச் சுற்று. மே மாதம் வெம்ப்ளியில் முடியும் அதே கோப்பை, இருநூறு பேர் முன்னால் தொடங்கும். 2021 ஜனவரியில் எட்டாவது அடுக்கு மரீன், லிவர்பூலுக்கு வடக்கே கிராஸ்பியில், வீடுகளின் பின் தோட்டத்தை ஒட்டிய தன் மைதானத்தில் டாட்டன்ஹாமோடு ஆடியது இந்த வழியாக ஏறி வந்துதான். கோவிட் காலம், ஆள் போக முடியாது. முப்பதாயிரம் பேருக்கு மேல் சும்மா பெயருக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்கள். மரீன் 0-5 என்று தோற்றது. அந்தக் காசு கிளப்பைக் காப்பாற்றியது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் கிளப்பின் எக்ஸ் பக்கத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஒரு முறை இரண்டு ரயில், ஒரு பஸ் மாறிப் போய், பூட்டிய கேட்டின் முன்னால் நின்றேன். உள்ளே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் சேற்றில் ஒரு குச்சியைக் குத்திக் காட்டினார். பாதி வரை இறங்கியது. இன்னொரு முறை ஆட்டம் நடந்தது, ஆனால் நான் போன ஊரில் இல்லை. அந்தக் கிளப் சொந்த மைதானம் இல்லாமல் பத்து மைல் தள்ளி வேறொரு கிளப்பின் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கிளப்பின் பெயரில் இருக்கும் ஊரை நம்பாமல் அஞ்சல் குறியீட்டைப் பார்த்துப் போங்கள்.

சாப்பாட்டில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பர்கர், பை, சிப்ஸ், மேலே கிரேவி. சைவம் என்றால் சிப்ஸும் சீஸும்தான், வாரா வாரம். ஆனாலும் அங்கே ஒரு தேநீராவது வாங்குங்கள். எங்கள் கிளப்பில் நூறு பேர் வந்தால் அது நல்ல சனிக்கிழமை. அந்த வாசல் காசு நடுவர், இரண்டு லைன்ஸ்மேன்களின் கட்டணம், விளக்குக்கு மின்சாரம், ஆட்டக்காரர்களின் பெட்ரோல் என்று போய்விடும். மிச்சம் நிற்பது பாரிலும் தேநீர்க் கடையிலும் வருவதுதான். மழையில் ஆட்டம் தள்ளிப்போனால் முதலில் கவலைப்படுவது மேனேஜர் அல்ல, அன்றைக்குக் காலையில் பன் வாங்கி வைத்த அம்மா.

மகனைப் பற்றி. தாராளமாகக் கூட்டி வாருங்கள். சிறுவர்களுக்குப் பெரும்பாலான கிளப்புகளில் கட்டணம் இல்லை, அல்லது ஓரிரு பவுண்டு. அவன் ஆட்டத்தைப் பதினைந்து நிமிடம் பார்ப்பான். பிறகு கோலுக்குப் பின்னால் வேறு நான்கு பையன்கள் ஒரு பழைய பந்தை உதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பான், இடைவேளைக்குள் நீங்கள் அவனைத் தேட வேண்டியிருக்கும். கையுறை, இரண்டாவது ஜோடி சாக்ஸ் எடுத்து வாருங்கள். கம்பி ஓரத்தில் நிற்கும்போது பந்து வேகமாக வரும், அவனை உங்கள் முன்னால் நிறுத்தாதீர்கள், பக்கத்தில் நிறுத்துங்கள். வாசலில் என்னைப் போன்ற ஒருவர் கையில் எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருப்பார். பையனிடம் காசு வாங்காவிட்டாலும் அவனுக்கும் சேர்த்து இரண்டு முறை அழுத்துவார். எழுபதாவது நிமிடத்தில் வருகை எவ்வளவு என்று அறிவிப்பார்கள், அவனைக் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள்.